ஆம்னி வேனும் மூன்று காடுகளும்

சென்ற தீபாவளிச் சந்திப்பின்போது சங்க ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஏன் சார், நீங்கள் பழைய ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாகக் காட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறீர்களாமே, நிஜமா?" நாலாவதாக வந்த மலர் ஆசிரியர், "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று முடித்துவிட்டார். எழுதுகிறேன். இதில் நான் பட்ட ஓர் அவஸ்தையும் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்முன் அது நம் அன்பர்கள் வீடுகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

கேள்விக்குப் பதில், பாதி நிஜம். வேனில் படுப்பது நிஜம். காட்டுக்குள் படுப்பது நிஜமல்ல. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில், தேசியப் பூங்காவின் உள்ளேயே வண்டியை நிறுத்தி, பக்கத்தில் மேஜை போட்டு, தீ மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அதற்கென்று எண் போட்ட இடங்களைப் பூங்கா நிர்வாகமே ஒதுக்கிக் கொடுக்கிறது. நம் புலிக் காப்பகங்களில் அந்தக் கதை இல்லை. காலையில் வாசல் திறக்கும்போது, பதிவு செய்த ஜிப்ஸி வண்டியில் வழிகாட்டியோடு உள்ளே போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். சொந்த வண்டிக்கு வேலை வாசல் வரைதான். ஆகவே என் 'முகாம்' எல்லாம் வாசலுக்கு வெளியே கிராமத்தில், தங்கும் விடுதி நடத்துகிறவர் வீட்டு முற்றத்தில், அனுமதி கேட்டு, காசு கொடுத்து. அறை வேண்டாம், முற்றமும் குளியலறையும் போதும் என்றால் முதலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பிறகு சம்மதிப்பார்கள்.

அறையே கிடைக்கும்போது வேன் எதற்கு என்று என் மனைவியும் கேட்டாள். இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இது விட்டுப் போன பழக்கம். நைன்பூர்ப் பக்கம் குறுகிய பாதையில் வேலை நடக்கும்போது, சைடிங்கில் நிறுத்திய கேம்ப் கோச்சில் வாரக்கணக்கில் படுத்திருக்கிறேன். நாலு சக்கரத்தின் மேல் படுத்தால்தான் எனக்கு நல்ல தூக்கம் வரும் போலும். அவளுக்கு முதுகுவலி. வேனில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்கு நம்ம வீட்டு பரண் தேவலை" என்று சொல்லிவிட்டாள். ஆகவே நான் தனி ஆள்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாருதி நிறுவனம் 1984-இல் வேன் என்ற பெயரில் கொண்டுவந்து, பின்னால் ஆம்னி என்று பெயர் மாற்றி, 2019-இல் தயாரிப்பை நிறுத்திய அதே வண்டிதான். 796 சி.சி. எஞ்ஜின், முன் சீட்டுகளுக்கு அடியில். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். பின் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பிளைவுட் பெட்டிகளை வைத்து, மேலே மூன்றங்குல ஃபோம் மெத்தை. பெட்டிக்குள் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், துணிமணி. ஐந்தடி ஐந்தங்குலத்தில் இருக்கும் நானே கொஞ்சம் கோணலாகத்தான் படுக்க வேண்டும். ஆறடி ஆசாமிகள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளவும்.

வெல்டிங் வைத்துக் கட்டில் அமைப்பது, கூரையை அறுத்து ஜன்னல் வைப்பது என்று யாராவது மெக்கானிக் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. என் பெட்டிகள் எதையும் வண்டியோடு பொருத்தவில்லை. கயிறு போட்டுக் கட்டிய சாமான்கள், அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் சீட் பழைய இடத்துக்குப் போய்விடும்.

மின்சாரத்தையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். ஐந்து வாட் சிறு மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 40 வாட்-மணி. 12 வோல்ட் பாட்டரியில் அது மூன்றரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு. காலையில் வண்டி கிளம்ப அதனால் தொந்தரவு இல்லை. மற்றபடி எதையும் ராத்திரியில் பாட்டரியில் மாட்டுவதில்லை.

இனி வழி. ஜபல்பூரிலிருந்து மண்ட்லா வழியாகக் கான்ஹாவின் கட்டியா வாசலுக்கு ஏறத்தாழ 160 கி.மீ. அங்கிருந்து பம்னி பஞ்சர், நைன்பூர், சிவ்னி வழியாகப் பெஞ்ச் காப்பகத்தின் துரியா வாசல். பிறகு சிந்த்வாடா, தாமியா, மட்குலி, பிபரியா, சோஹாக்பூர் என்று சுற்றி, சாத்புரா காப்பகத்தின் மடாய். கடைசியில் நர்சிங்பூர் வழியாக வீடு. ஒரு நாளைக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓட்டுவதில்லை. எங்கே போவதானாலும் மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை கிளம்பியது 2023 ஜனவரியில். கான்ஹா தேசியப் பூங்காவானது 1955-இல். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஒன்பது காப்பகங்களில் ஒன்று. எல்லோரும் புலிக்காகப் போகிறார்கள். நான் பார்க்க விரும்பியது பாராசிங்கா என்னும் மானை. கொம்பில் பன்னிரண்டு கிளை இருப்பதால் அந்தப் பெயர். இதன் இனத்தில் ஈரச் சேற்றில் வாழ்கிற பிரிவுகள் உண்டு. கெட்டித் தரையில் வாழ்கிற பிரிவு கான்ஹாவில்தான் தப்பியது. 1970-இல் கணக்கெடுத்தபோது 66 தான் இருந்தன. கிராமங்களை வெளியே குடியேற்றி, புல்வெளியை மீட்டு, வேலி கட்டிய அடைப்புக்குள் குட்டிகளைக் காப்பாற்றி வளர்த்தார்கள். இன்று பல நூறு இருக்கின்றன. இங்கிருந்து பிடித்துக்கொண்டு போய் சாத்புராவிலும் விட்டிருக்கிறார்கள். பனி வெள்ளையாகப் படிந்த புல்வெளியில் மூச்சு ஆவியாகப் பறக்க அவை நின்றதைப் பார்த்தேன். புலி வரவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

இந்தப் பனிதான் வினையாயிற்று. ஜனவரியில் அந்தப் புல்வெளிகளில் குளிர் பூஜ்யத்தைத் தொடும். ஜபல்பூரில் முப்பது வருஷம் இருந்தும், தகரக் கூட்டுக்குள் படுத்துப் பார்க்கும்வரை எனக்குக் குளிர் என்றால் என்ன என்று தெரியவில்லை. ஒரு சுற்று தகடு, அதற்கு வெளியே பனி. ரஜாய் இருந்தும் கால் விறைத்துப் போயிற்று. இரண்டாம் நாள் ராத்திரி அந்த வீட்டார் முற்றத்தில் சிக்டியில் கரி போட்டு மூட்டியிருந்தார்கள். நம் ஊர்க் கும்மட்டி அடுப்புதான். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தபோது, உள்ளே நல்ல தணல் இருந்தது. புகை துளிக்கூட இல்லை. வீணாகப் போகிறதே என்று அதைத் தூக்கி வேனுக்குள் கால்மாட்டில் தகரத்தட்டின் மேல் வைத்தேன். கண்ணாடிகளை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். பத்து நிமிஷத்தில் சொர்க்கம் மாதிரி கதகதப்பு.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு ராத்திரி ஒரு தடவையாவது எழுந்திருக்க வேண்டிய தொந்தரவு உண்டு. அதைப் பற்றி எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அது என்னை எழுப்பியிராவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. விழிப்பு வந்தபோது மண்டைக்குள் சம்மட்டி அடித்தது. குமட்டல். கதவின் கைப்பிடி எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது, கை அங்கே போக மறுக்கிறது. எப்படியோ சறுக்குக் கதவைத் தள்ளினேன், இறங்கக் கால் வைத்தேன், கால் நிற்கவில்லை. முற்றத்து மண்ணில் விழுந்தேன். நாய் குரைத்து வீட்டுக்காரர் விளக்கோடு வந்தார். "பாபுஜி, சிக்டியை உள்ளேயா வைத்தீர்கள்?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். எஞ்ஜினியரிங் டிப்ளமோ வாங்கிய எனக்குத் தோன்றாதது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

நடந்தது என்ன என்று விளக்குகிறேன். கரி எரிய ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. புகை அடங்கிய தணல் ஆபத்தில்லாதது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் புகை என்பது நம்மை விரட்டி விடுகிற நண்பன். அது போன பிறகு மிச்சமிருப்பது இந்தச் சத்தமில்லாத விஷம். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. வண்டியில் இடத்தை எல்லாம் ஒருவன் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தால், டிக்கெட் வாங்கியவன் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதானே?

பின்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஆம்னியின் உள்ளே காற்று ஏறத்தாழ மூன்றரை கன மீட்டர், அதாவது 3,500 லிட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்தாலே ஓரிரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும், மேலே போனால் உயிர் போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் மூன்றரை லிட்டர் வாயு. அவ்வளவு வாயுவை உண்டாக்க எவ்வளவு கரி வேண்டும்? இரண்டு கிராம்கூட வேண்டாம். ஒரு சுண்டல் கடலை மூன்று நாலு சேர்ந்த எடை. நான் உள்ளே வைத்தது ஒரு சட்டி நிறைய.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என் பையில் இருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். 98 காட்டியது. "நன்றாகத்தான் இருக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும்" என்றேன். வீட்டுக்காரர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கிருந்த இளம் டாக்டர் என் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கருவி ரத்தத்தின் சிவப்பைத்தான் பார்க்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டும் அதற்குச் சிவப்புதான். அதனால் சாகக் கிடக்கிறவனுக்கும் 98 காட்டும். முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய விஷம் பாதியாக இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்ஸிஜன் வைத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகும். அதனால்தான் வெளியே இழுத்துப் போட்டதோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். மறதி, தடுமாற்றம் போன்றவை சில வாரம் கழித்துக்கூட வரலாமாம். எனக்கு வரவில்லை. வந்ததை மறந்துவிட்டேனா என்று மனைவி கேட்கிறாள்.

அன்பர்கள் யாரும் வேனில் படுக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் குவார்ட்டர்ஸ்களில், டிசம்பரில் குழந்தைகளுக்குக் குளிருமே என்று சிக்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் எனக்குத் தெரியும். சென்னையிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தவர்களுக்குக் குளிரும் புதிது, சிக்டியும் புதிது. காலையில் வீட்டோடு தலைவலி என்றால் அதை ஜலதோஷம் என்று நினைத்துவிடக் கூடாது. வாயில்லாப் பிராணிகளும் வாடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். குளியலறையில் காஸ் கீஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. சிலிண்டரையும் கீஸரையும் வெளியே வைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள்.

வேனுக்குத் திரும்புவோம். அதற்குப் பிறகு எரிவது எதுவும் என் வண்டிக்குள் வருவதில்லை. கொசுவர்த்திச் சுருள்கூட இல்லை. சமையல் வெளியே, காற்றுக்கு மறைப்பாகப் பெட்டி மூடியை நிறுத்திக்கொண்டு. ஐந்து கிலோ சிலிண்டரும் ராத்திரி வெளியேதான். சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். எஞ்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யோ ஹீட்டரோ போட்டுக்கொண்டு தூங்குவதும் கூடாது. முன்பு சொன்னேனே, ஆம்னியில் எஞ்ஜின் சீட்டுக்கு அடியில். புகைக் குழாயில் சின்ன ஓட்டை விழுந்தாலும் வாயு நேராக உள்ளே வரும்.

எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டிலும் இரண்டு விரல் இடைவெளி எந்தக் குளிரிலும் திறந்திருக்கும். கொசுவலையை வெளிப்பக்கம் காந்தத்தால் ஒட்டுகிறேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தூங்குகிற மனிதன் ராத்திரி முழுக்க மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறான். அடைத்து வைத்தால் அது குளிர்ந்த தகட்டில் படிந்து, விடியற்காலையில் நம் முகத்திலேயே சொட்டும். கால் குளிருக்கு என்ன செய்கிறேன் என்றால், வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. ஐம்பது ரூபாய்க் கரி செய்ததைவிட நன்றாகவே செய்கிறது. மெத்தைக்கு அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள் போட்டால் கீழிருந்து வரும் குளிர் பாதி குறையும். கேங்க்மேன்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

கான்ஹாவிலிருந்து சிவ்னி போகும் வழியில் நைன்பூர். ஒரு காலத்தில் இரண்டடி ஆறங்குலப் பாதையின் பெரிய சந்திப்பு. ஜபல்பூர் வரை ஓடிய அந்தச் சின்ன ரயில் 2015-இல் நின்று, பாதை அகலமாயிற்று. பழைய எஞ்ஜின்களையும் பெட்டிகளையும் வைத்து ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நான் இரண்டரை மணி நேரம் இருந்தேன். காட்டைப் பார்த்தால் எனக்குத் தண்டவாளம்தான் நினைவுக்கு வருகிறது. கான்ஹாவில் சால் மரம், பெஞ்சில் தேக்கு. இரண்டையும் ஸ்லீப்பர் கட்டையாக அடுக்கி எண்ணியவன் நான். கான்கிரீட் ஸ்லீப்பர் வந்த பிறகுதான் இந்த மரங்களுக்கு நம்மிடமிருந்து விடுதலை. சாத்புராக் காப்பகத்தின் பகுதியான போரியில் 1865-லேயே காப்புக் காடு அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவதாக.

துரியா வாசலுக்குத் திரும்பும் இடம் கவாசா. அங்கே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடியும் சாலை. தெற்கே பார்த்தபடி வண்டியை ஓரம் கட்டி டீ குடித்தேன். இதே தாரில் போய்க்கொண்டேயிருந்தால் நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, சேலம், மதுரை, திருநெல்வேலி. டீக்கடைக்காரர் இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். மகாராஷ்டிர எல்லைக்குள் இந்தச் சாலை காட்டைக் கடக்கும் இடத்தில், ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்மேல் தூக்கி, அடியில் பிராணிகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். மேலே லாரி, கீழே புலி. காமிரா வைத்துப் பார்த்ததில் புலி, செந்நாய், மான் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. பாலம் கட்டியவர்கள் கணக்கைப் பிராணிகள் ஒப்புக்கொண்டது ஓர் எஞ்ஜினியருக்குப் பெரிய சந்தோஷம்.

நாலு மணிக்குள் சேர வேண்டும் என்றேனே, அதற்குக் காரணம் பெஞ்சுக்கும் மடாய்க்கும் நடுவே நடந்தது. பஞ்சர் ஒட்டத் தாமதமாகி, இருட்டிய பிறகு ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் திரையைப் போட்டுவிட்டேன். அரை மணியில் பத்துப் பதினைந்து பேர், கையில் தடியும் டார்ச்சுமாக. ஹிந்தி சினிமாவில் குழந்தை கடத்துகிறவன் எந்த வண்டியில் வருவான்? இதே வண்டியில், இதே மாதிரி திரை போட்டுக்கொண்டு. போதாக்குறைக்கு என் ஹிந்தியில் தஞ்சாவூர் வாடை. பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியில் அப்பாவிகள் அடிபட்ட செய்திகளை நானும் படித்தவன்தான். கதவை முழுக்கத் திறந்து, உள்விளக்கைப் போட்டு, கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, பென்ஷன் புத்தகத்தைக் காட்டினேன். கூட்டத்தில் ஒருவரின் மாமனார் இடார்சியில் கேங்க்மேட்டாக இருந்தவராம். தடிகள் இறங்கின. ராத்திரி சர்பஞ்ச் வீட்டுத் திண்ணையருகே வண்டியை நிறுத்தச் சொல்லி ரொட்டியும் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத ஆள் இருட்டில் திரை போட்டுக்கொண்டு நின்றால் நானும் போய்க் கேட்டிருப்பேன். தண்டவாளத்தில் வேலை தொடங்கும்முன் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி கட்டுவோம், இங்கே ஆள் இருக்கிறோம் என்று. ஊரிலும் அதுதான். வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து, டீக்கடையில் உட்கார்ந்து, சௌகிதாரிடமோ சர்பஞ்சிடமோ பெயரும் ஊரும் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில்தான் இப்போதெல்லாம் நிறுத்துகிறேன்.

அவர்கள் காட்டும் இடத்துக்கு இன்னொரு மகிமையும் உண்டு. மார்ச் கடைசியில் ஒரு பெரிய மரத்தடி நிழல் எனக்குப் பிடித்துப் போயிற்று. அங்கே வேண்டாம் என்று கிழவி ஒருத்தி கையை ஆட்டினாள். அது இலுப்பை இனத்து மகுவா மரம். பூ உதிரும் காலத்தில் அதைத் தின்னக் கரடி வரும். விடிகாலையில் பூப் பொறுக்கப் போகிறவர்கள் கரடியிடம் கடிபடுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போயிருந்தாலும் அந்த மரத்தடியில்தான் நிறுத்தியிருப்பேன். வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் திசையைப் பார்த்திருக்கட்டும். சாய்வான தரையானால் தலை மேட்டுப் பக்கம்.

மடாயில் தேன்வா ஆற்றைப் படகில் கடந்துதான் காப்பகத்துக்குள் போக வேண்டும். வழிகாட்டியோடு நடந்தே காட்டைப் பார்க்க அனுமதிக்கிற இடங்களில் சாத்புரா ஒன்று. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அங்கேதான் கைபேசிக்கு உயிர் போயிற்று. தினமும் மாலை ஏழு மணிக்குப் பேசுவது என்று வீட்டில் ஒப்பந்தம். அன்று பேச முடியவில்லை. ஒன்பது மணிக்கு மனைவி பெங்களூரில் இருக்கும் பையனை அழைக்க, அவன் கான்ஹாவில் நடந்ததை நினைத்துக்கொண்டு சோஹாக்பூர் வரை யார் யாரையோ அழைத்திருக்கிறான். காலையில் அக்கரை வந்ததும் அவன் குரல்: "அப்பா, நீங்க வேலை பார்த்தப்ப டிராலி எடுத்துட்டுப் போனா, அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லாம போவீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. இப்போது கிளம்பும்முன் எழுதிய தாள் ஒன்று வீட்டு ஃப்ரிஜ்ஜில் ஒட்டியிருக்கும். எந்த ராத்திரி எந்த ஊர், யார் முற்றம், அவர் எண், சிக்னல் இருக்காத ஊர்கள் எவை. சிக்னல் இல்லாத ஊரானால் மதியமே பேசிவிடுவேன்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டொன்று. ஜூலை முதல் செப்டம்பர் முடிய மூன்று காப்பகங்களின் மையப் பகுதியும் மூடியிருக்கும். புதன்கிழமை பிற்பகல் சவாரி கிடையாது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு முழு ஜிப்ஸி வேண்டாம், ஓர் இருக்கை மட்டும் வாங்கலாம். சீட்டு வாங்கும்போது கொடுத்த அதே அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். ஐந்தரை மணிக் குளிரில் வாசலில் நின்று, அட்டையை வேனில் விட்டேனா என்று தேடுவது இனிமையான அனுபவமில்லை.

சென்ற பிப்ரவரியில் போன நாலாவது பயணத்தில் 940 கி.மீ. ஓடி 68 லிட்டர் பெட்ரோல் ஆயிற்று. கட்டியாவில் அதே வீட்டு முற்றம்தான். என்னைக் கண்டதும் அந்த வீட்டு அம்மா சிக்டியை எடுத்து உள்ளே ஒளித்து வைத்தாள், வேடிக்கைக்குத்தான். பையன் வாங்கிக் கொடுத்த கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி என் தலைமாட்டுக் கொக்கியில் தொங்குகிறது. உள்ளங்கை அகலம், இரண்டு பென்சில் செல். படுக்கும்முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஊரே எழுந்துவிடும் போலக் கத்துகிறது. முற்றத்து நாய் பதிலுக்கு நாலு தரம் குரைக்கும். அது அடங்கியதும் விளக்கை அணைத்துவிடுவேன்.